தேடினால் கிடைக்காத மெசேஜ்

அத்தியாயம் 4

கொல்லிமலை பஸ்ஸில் ஆயுசில் பாதியைக் கண்டக்டராகக் கழித்த மனிதருக்கு, மலை ஏறும்போது வயிற்றைப் புரட்டக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் முருகானந்தத்துக்கு அது மானப் பிரச்சினை. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் படிக்கட்டில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு, தலை சுற்றியவர்களுக்கு எலுமிச்சம்பழம் நீட்டியவர் அவர். இன்று யமுனாவின் காரில், சீட் பெல்ட்டுக்குள், அதே எலுமிச்சம்பழத்தைத் தானே முகர்ந்துகொண்டிருந்தார்.

"முன்னாடி உக்காந்தா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க," என்றாள் யமுனா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது பஸ்ஸுக்குச் சொன்னேன் அம்மணி. காருக்குச் சட்டம் வேற."

நாமக்கல்லில் ஒரு முட்டை மண்டிக்கு மேல்மாடியில் யமுனாவின் துப்பறியும் ஆபீஸ் இருந்தது. பிசிக்ஸ் படித்தவள். அளந்து பேசுவாள், அதுவும் கையிருப்பு தீர்ந்துவிடும் என்று பயந்தவள் போல அளப்பாள். முருகானந்தம் ஓய்வு பெற்ற கையோடு அவளிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். யோசிப்பது அவள் பொறுப்பு, பேசுவது அவர் பொறுப்பு என்று முதல் நாளே பங்கு பிரித்துக்கொண்டார்கள். இதுவரை அதில் தகராறு வந்ததில்லை.

காலையில் போனில் அழைத்தவள் கோகிலா. மலைமேல் வாழவந்தி நாட்டில் மிளகு போடும் குடும்பம். அப்பா சென்றாயன் இறந்துபோன பிறகு கொடி, களம், மூட்டை எல்லாவற்றையும் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். "போன்ல சொல்ல முடியாதுங்க அக்கா, நேர்ல வாங்க" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

நேரில் போனபோது, சொல்வதற்குப் பதில் போனையே நீட்டினாள்.

முருகானந்தம் வாங்கி உரக்கப் படித்தார். பஸ் ஸ்டாப் பெயர் சொல்லிப் பழகிய குரல்.

"எச்சரிக்கை. மூன்று சிவப்புப் பொட்டு வைத்த மூட்டை மிளகில் பப்பாளி விதை கலந்திருப்பது தெரிய வந்துள்ளது. பொதுமக்கள் கொள்முதல் செய்ய வேண்டாம். ஏமாந்தவர்கள் சந்தை பலாமரத்தடியில் கமிட்டியாரிடம் சொல்லவும்."

படித்துவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். களத்தின் ஓரத்தில் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் மூன்று சிவப்புப் பொட்டு.

"சந்தையில மூட்டைங்க கலந்துறக் கூடாதுன்னு இங்க ஒவ்வொரு குடும்பமும் ஒரு முத்திரை வெச்சிருப்போமுங்க," என்றாள் கோகிலா. "எங்களுது இது. மலையில வேற யாருக்கும் மூணு பொட்டு இல்ல. பேரைப் போடாட்டியும் என்னைத்தான்னு எல்லாருக்கும் தெரியும்."

முருகானந்தம் காயப்போட்ட பாயிலிருந்து ஒரு மிளகை எடுத்துக் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"இது பப்பாளின்னா நான் விமானம் ஓட்டறவன்."

"தண்ணியில போட்டுக் காட்டினீங்களா? பப்பாளி விதை மிதக்குமே," என்றாள் யமுனா.

"வீடியோவே எடுத்து அனுப்பினேனுங்க. கோயமுத்தூர் பானுமதி அம்மா வருஷம் பூரா என் மிளகை எடுத்துக்கறதா பேச்சு. அவங்களுக்கும் இந்த மெசேஜ் போயிருச்சு. 'மாதிரிக்குக் காட்டற மிளகு எப்பவும் சுத்தமாத்தான் கண்ணு இருக்கும், ஒருத்தர் மேல இப்படி ஒரு பேச்சு எதுக்கு வரும், யார் எழுதினது, அதைச் சொல்லு'ங்கறாங்க. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள லாரியோட வர்றாங்க. ஏத்துவாங்களா, வெறும் லாரியா திரும்புவாங்களான்னு தெரியல."

"யார் எழுதியிருப்பாங்கன்னு நெனைக்கறீங்க?"

"நெனைக்கல. தெரியும். நிரூபிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன்." கோகிலா வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "எங்க பெரியப்பா பையன் சதீஷ்குமார். அவனும் மிளகு விக்கறான். இந்த ஆர்டருக்கு அவனும் பேசினான், எனக்குக் கெடைச்சுது. இந்த மெசேஜ் வந்ததும் ஊடு ஊடா போயி, 'அழிச்சுருங்க, அழிச்சுருங்க'ன்னு சொல்லியிருக்கான். குத்தம் இல்லாதவன் எதுக்கு அழிக்கச் சொல்றான்? போலீசுல எழுதிக் குடுக்கப் போறேன். அதோட ரெண்டு ஊட்டுக்கும் பேச்சு முடிஞ்சுரும். முடியட்டுமுங்க."

முடியட்டும் என்று வாய் சொன்னது. முருகானந்தம் வேலியைப் பார்த்தார். நடுவில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி. அதன் வழியே இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு தடம். புல் முளைக்க நேரம் கொடுக்காத தடம். முப்பது வருஷம் ஜனங்களின் முகத்தைப் பார்த்து டிக்கெட் கிழித்தவருக்கு, எந்த ஸ்டாப்பில் இறங்க மனசில்லாமல் இறங்குகிறார்கள் என்று தெரியும்.

"இந்த முத்திரை எப்பவும் உங்களுதுதானா?" என்றாள் யமுனா.

"பெரியப்பா ஊட்டுல இருந்து அப்பாவுக்கு வந்ததுங்க. பெரியப்பா மிளகை விட்டுட்டு மரவள்ளிக்குப் போயிட்டாரு. எப்போன்னு தெரியாது, நான் சின்னப் பிள்ளை. எப்படியும் இதை மாத்தறதாத்தான் இருக்கேன். மலை, அருவி எல்லாம் வெச்சு லோகோ வரைஞ்சு வாங்கியிருக்கேன்."

அவள் காட்டிய காகிதத்தில் மலையும் அருவியும் இருந்தன. ஒரு மானும் இருந்தது. கொல்லிமலையில் தான் மானையே பார்த்ததில்லை என்று சொல்ல முருகானந்தம் வாயைத் திறந்தார். யமுனா பார்த்தாள். மூடிக்கொண்டார்.

"மெசேஜ்லயே விலாசம் குடுத்திருக்காங்க," என்றார் பேச்சை மாற்றி. "பலாமரத்தடிக்குப் போய்க் கமிட்டியைக் கேட்டா ஆச்சு. அந்த மரத்துல நான் தின்ன சுளைக்குக் கணக்கே இல்ல. பஸ் அங்கதான் திரும்பும்."

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து முதல் சிரிப்பாக இருக்கும். "வாங்க, காட்டறேன்."

சந்தைத் திடலில் மரம் இல்லை. மரம் நின்ற இடத்தில் கம்பி வேலி போட்டு ஒரு செல்போன் டவர் நின்றது. அதன் கீழே, நிழலே இல்லாத இடத்தில், ஒரு நாய் நிழல் இருப்பதாக நினைத்துப் படுத்திருந்தது.

"மரத்தை வெட்டிட்டுத்தான் இதை வெச்சாங்க," என்றாள் கோகிலா. "கமிட்டியாரும் யாருக்கும் எதுவும் தெரியாதுன்னுட்டாங்க."

முருகானந்தம், தான் ஓய்வு பெற்ற பிறகு முளைத்த அந்த டவரை மேலும் கீழும் பார்த்தார். "இதுல சுளையும் இல்ல, நிழலும் இல்ல. சிக்னலாவது இருக்கா?"

சிக்னல் இருந்தது. கோகிலா அந்த மெசேஜை யமுனாவுக்கு அனுப்பினாள். கூடவே காலையிலிருந்து அனுப்ப முடியாமல் தேங்கியிருந்த படங்கள், குரல் பதிவுகள், விளக்கங்கள் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. மெசேஜ் எங்கோ மேலே போய்விட்டது. அதைக் கண்டுபிடிக்க யமுனா தேடும் கட்டத்தில் 'பொட்டு' என்று அடித்தாள்.

கோகிலா தானே எழுதி அனுப்பிய வரிகள் வந்தன. எச்சரிக்கை மெசேஜ் வரவில்லை.

யமுனா விரலால் மேலே தள்ளித் தள்ளிப் போய் அதைக் கண்ணால் கண்டுபிடித்தாள். 'பொட்டு' அதில் பளிச்சென்று இருந்தது. மறுபடி தேடினாள். இல்லை என்றது போன். 'பப்பாளி' என்று தேடினாள். உடனே வந்தது. 'கொள்முதல்', 'சொல்லவும்' இரண்டையும் தேடினாள். இல்லை, இல்லை.

"கண்ணு முன்னாடி இருக்கு, கேட்டா இல்லைங்குது," என்றார் முருகானந்தம். "எங்க டெப்போ மேனேஜர் லீவு குடுக்கற மாதிரி."

யமுனா நாயின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டாள். அவள் உட்கார்ந்தால் ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

"இது போன்ல அடிச்சது இல்லீங்க அண்ணா."

"பின்ன, அம்மியில அரைச்சதா?"

"போன்ல 'பொ' அடிச்சா உள்ள ரெண்டே சமாச்சாரம்தான் போகும். ப ஒண்ணு. அதோட ஒரு குறி ஒண்ணு. அந்த ஒரே குறிதான் எழுத்துக்கு முன்னாடி கொம்பாவும், பின்னாடி காலாவும் ரெண்டு பக்கமும் தெரியும். பழைய டிடிபி கடைகள்ல அப்படி இல்ல. டைப்ரைட்டர் மாதிரி. மொதல்ல கொம்பைத் தட்டணும், அப்புறம் ப, அப்புறம் கால். அந்தப் பழைய எழுத்தை இப்போ இருக்கற போனுக்குப் புரியற எழுத்தா மாத்த ஒரு புரோகிராம் வேணும். ஒழுங்கா எழுதின புரோகிராம் கொம்பையும் காலையும் ஒண்ணாச் சேர்த்து ஒரே குறியாக்கிரும். அரைகுறையா எழுதினது, கொம்பை மட்டும் எடம் மாத்திட்டு, காலைத் தனியாவே விட்டுரும். திரையில ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். தேடும்போதுதான் மாட்டும்."

இவ்வளவு பேசியதில் அவள் காது சிவந்துவிட்டது.

முருகானந்தம் கொஞ்ச நேரம் யோசித்தார். "பஸ்ல புருஷன் பொண்டாட்டி ஜன்னலோரம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர், நடுவுல குழந்தை. பாத்தா ஒரே ஜோடி. ஆனா ஒரு ஜோடி ஒரே டிக்கெட்ல வந்திருக்கு. இன்னொண்ணு தனித்தனியா ரெண்டு டிக்கெட் கிழிச்சிருக்கு. செக்கர் ஏறினாத்தான் வித்தியாசம் தெரியும். அதானே?"

"அதேதான்."

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா கொம்பு, காலெல்லாம் எதுக்கு?"

கோகிலாவுக்கு டிக்கெட் கணக்கு முக்கியமில்லை. "சதீசு எங்கயாவது கடையில குடுத்து அடிச்சிருப்பான்."

"இருக்கலாம்," என்றாள் யமுனா. "இந்தப் பக்கத்துக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல தமிழ் அடிச்சுத் தர்றது யாரு?"

"சேந்தமங்கலம் நாகலட்சுமி அக்கா. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, வாராவாரம் சந்தை நோட்டீஸ் எல்லாம் அவங்கதான். நோட்டீசை இப்பல்லாம் சந்தை குரூப்புல போட்டுருவாங்க."

முருகானந்தம் பையிலிருந்து அடுத்த எலுமிச்சம்பழத்தை எடுத்தார்.

நாகலட்சுமி டிடிபி சென்டரில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவர் முழுக்க மாதிரிப் பத்திரிகைகள். நாகலட்சுமி சிரித்த முகம். கேட்காமலே மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

உள்ளே நுழைவதற்கு முன்பே திட்டம் போட்டாகிவிட்டது. கல்யாணமே செய்துகொள்ளாத முருகானந்தம், இல்லாத பேத்திக்குக் காது குத்தினார்.

"பேரு பொன்னி. தலைப்புல 'எங்கள் பொன்னிக்குக் காதணி விழா'ன்னு கொட்டையா போடுங்க. மாதிரிக்கு அந்த ஒரு வரியை அடிச்சு இந்தப் பொண்ணு போனுக்கு அனுப்புங்க, ஊட்டுல காட்டணும்."

"பேத்தி யாரு சாடைங்க?" என்றாள் நாகலட்சுமி, விரல் பாட்டுக்குத் தட்டத் தட்ட.

"என் சாடைதான். பாவம்."

வரி வந்தது. யமுனா தன் போனில் 'பொன்னி' என்று தேடினாள். இல்லை. 'காதணி' என்று தேடினாள். இருந்தது. போனை முருகானந்தத்தின் பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

"ரெண்டு டிக்கெட்," என்றார் அவர் மெதுவாக.

யமுனா எச்சரிக்கை மெசேஜைத் திறந்து நாகலட்சுமியின் முன்னால் வைத்தாள். "இது உங்க கடையில மாத்தினதுங்க அக்கா. யார் வந்து குடுத்தாங்க?"

நாகலட்சுமி படித்தாள். சிரித்த முகம் சுருங்கியது. "சத்தியமா நான் இதை அடிக்கலீங்க. யாரும் வந்து குடுக்கவும் இல்ல. மூணு பொட்டு நம்ம கோகிலாவோடதுதானே? அந்தப் பிள்ளையப் போய் நான் எதுக்கு?"

பொய் சொல்கிறவர்கள் முதலில் கோபப்படுவார்கள் என்பது முருகானந்தத்தின் அனுபவம். இவள் கோபப்படவில்லை.

"சந்தை நோட்டீஸ் எப்படித் தயார் பண்ணுவீங்க?" என்றாள் யமுனா. "மொதல்ல இருந்து அடிப்பீங்களா?"

"மொதல்ல இருந்தா? எதுக்குங்க? பழைய ஃபைலைத் திறப்போம், தேதியை மாத்துவோம், அனுப்பிருவோம். எங்க மாமனார் காலத்துல இருந்து அப்படித்தான். சந்தை நேரம், பஸ் நேரம், கடை போடற எடம், அதானே. வாராவாரம் என்ன புதுசா நடந்துருது?"

"போன வாரமும் அப்படித்தானா?"

"போன வாரம் கொஞ்சம் பாடாப்போச்சு. கம்ப்யூட்டர் படுத்துருச்சு. எல்லா ஃபைலும் போச்சு. மாமனார் வெச்சிருந்த பழைய சிடியில ஒரு சந்தை நோட்டீஸ் இருந்துது, அதை எடுத்தேன். அந்தக் காலத்து எழுத்து இந்தக் கம்ப்யூட்டர்ல இல்ல பாருங்க, தொறந்தா இங்கிலீஷ் எழுத்தைக் கோழி கிளறின மாதிரி இருக்கும். அப்படியே மாத்தற புரோகிராம்ல போட்டேன். தமிழா வந்துருச்சு. பஸ் நேரத்தைத் திருத்தி, மேல தேதியைப் போட்டு குரூப்புல விட்டேன்."

"கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

நாகலட்சுமி அவளை விநோதமாகப் பார்த்தாள். "சந்தை நோட்டீசை யாருங்க கடைசி வரைக்கும் படிப்பாங்க?"

யமுனா கேட்டுக்கொண்டதும் நாகலட்சுமி அந்த நோட்டீஸைத் திரையில் திறந்தாள். சந்தை நேரம். பஸ் நேரம். ஆடு மாடு கட்டும் இடம். குடிநீர்த் தொட்டியில் கை கழுவ வேண்டாம். அதற்கும் கீழே, கடைசியில், ஒரு பத்தி. எச்சரிக்கை. மூன்று சிவப்புப் பொட்டு.

நாகலட்சுமி திரைக்குக் கிட்டே குனிந்து அதை மறுபடி படித்தாள்.

"ஒருத்தர் படிச்சிருக்காரு," என்றார் முருகானந்தம். "படிச்சுட்டு, ஊருக்கு நல்லது பண்றேன்னு அந்தப் பத்தியை மட்டும் வெட்டி அனுப்பியிருக்காரு. நாலு பேர் கை மாறினதும் தேதியும் போச்சு, தலையும் போச்சு. வால் மட்டும் மலை பூரா சுத்துது."

நாகலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான் இப்பவே குரூப்புல போட்டுடறேன். பழைய நோட்டீஸ், தப்பா வந்துருச்சுன்னு. கோகிலா காலுல விழுந்துடறேன்."

"காலுல விழ வேண்டாம். மேல வர்றதுக்கு எழுபது வளைவு இருக்கு," என்றார் முருகானந்தம். "போன்லயே விழுங்க. ஆனா சாயந்திரம் வரைக்கும் பொறுங்க, மொதல்ல நாங்க நேர்ல போய்ச் சொல்லிடறோம்."

வெளியே வந்ததும் அவருக்கு வயிறுகூடச் சரியாகிவிட்டது. "முடிஞ்சுது அம்மணி. யாரும் எழுதல. சதீஷ்குமார் தப்பிச்சான், கோகிலா தப்பிச்சா, போலீசும் தப்பிச்சுது. போற வழியில ஒரு டீயைக் குடிச்சா ஆச்சு."

யமுனா வண்டியைக் கிளப்பினாள். டீக்கடையைத் தாண்டிப் போனாள். அடிவாரம் வந்தது. ஏற ஆரம்பித்தார்கள். பல வளைவுகள் தாண்டியும் அவள் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருப்பது அவள் வழக்கம்தான். இது வேறு மாதிரிப் பேசாமை.

"என்ன, டீ கேட்டது தப்பா?"

"இது பழைய எச்சரிக்கைன்னு சொன்னா, பானுமதி அம்மா என்ன கேப்பாங்க?"

"என்ன கேப்பாங்க?"

"அந்தக் காலத்துல மூணு பொட்டு யாருதுன்னு."

முருகானந்தம் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுத்தார். கோகிலாவின் அப்பா சென்றாயன். மகளைக் காப்பாற்றப் போய், இல்லாத அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா? அது மட்டுமா, "அப்பனைப் போலத்தானே பொண்ணும்" என்று வெறும் லாரி திரும்பிப் போய்விடும். சரியாகக் கண்டுபிடித்ததே வினையாகிவிட்டது.

"சொல்லாம விட்டுட்டா?"

"அப்போ சதீஷ்குமார் மேல போலீஸ் கம்ப்ளைண்ட் போகும்."

அடுத்த வளைவில் அவர் எலுமிச்சம்பழத்தை மறுபடி மூக்குக்குக் கொண்டுபோனார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது லாரி களத்தில் நின்றது. பானுமதி காட்டன் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குத்தூசியை ஒரு மூட்டையின் அடிவயிற்றில் குத்தி, வந்த மிளகை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோகிலா ஒரு தூணைப் போல நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு இளைஞன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, வேலை செய்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தான். சதீஷ்குமார் அவனாகத்தான் இருக்க வேண்டும். அந்த மண்வெட்டியில் மண்ணே இல்லை.

யமுனா தொண்டையைச் செருமிக்கொண்டு, கொம்பு, கால், மாற்றும் புரோகிராம் என்று ஆரம்பித்தாள். பானுமதி கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏனுங்க, கம்ப்யூட்டர் கதை வேண்டாம். எங்கிட்ட ஏமாத்தினவங்க எல்லாரும் கடைசியில கம்ப்யூட்டரைத்தான் கை காட்டினாங்க."

யமுனா முருகானந்தத்தைப் பார்த்தாள். பங்கு பிரித்தது இதற்குத்தான்.

"சரிங்க, கம்ப்யூட்டரை விட்டுருவோம்," என்றார் அவர். "வரும்போது சந்தைத் திடலைப் பாத்தீங்களா? டவர் ஒண்ணு இருக்குமே?"

"பாத்தேன்."

"மெசேஜ்ல பலாமரத்தடிக்கு வரச் சொல்லியிருக்கே, மரத்தைப் பாத்தீங்களா?"

"இல்லையே."

"அந்த மரத்தை வெட்டித்தான் அந்த டவரை வெச்சாங்க. மரம் இருந்த வரைக்கும் டவர் இல்ல. டவர் வந்தப்போ மரம் இல்ல. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்ததே கெடையாது. இந்த மெசேஜ் மட்டும் மரத்தடியில உக்காந்து எழுதி, டவர் வழியா உங்களுக்கு வந்திருக்கு. எப்படிங்க?"

பானுமதி அவரையே பார்த்தார். பிறகு போனை எடுத்து மெசேஜை மறுபடி படித்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது.

"பழைய நோட்டீசு. யாரோ தெரியாம அனுப்பிட்டாங்க."

"அதைத்தான் அம்மணி கொம்பு, கால்னு சொல்லிச்சு."

கோகிலா மூச்சை விட்டாள். முருகானந்தமும் விட்டார். யமுனா மட்டும் விடவில்லை.

"பழசுன்னா," என்றார் பானுமதி, குத்தூசியைத் துடைத்துக்கொண்டே, "அப்போ இந்த மூணு பொட்டு யாரு வெச்சிருந்தா? உங்கப்பாவா கண்ணு?"

கோகிலா மூட்டையில் இருந்த பொட்டைப் பார்த்தாள். முத்திரை எந்த வருஷம் வீடு மாறியது என்று அவளுக்கு நிஜமாகவே தெரியாது. அது அவள் முகத்தில் எழுதியிருந்தது.

வேலியில் சத்தம் கேட்டது. சதீஷ்குமார் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, அந்த இடைவெளி வழியே குனிந்து இந்தப் பக்கம் வந்தான்.

"சித்தப்பா இல்லீங்க. எங்கப்பா. ராசு."

பானுமதியின் முன்னால் வந்து நின்றான். அவனே சொன்னான்.

"ஒரு தடவை கலந்துட்டாரு. விளைச்சல் கம்மி, கெட்ட நேரம், என்னமோ. மாட்டிக்கிட்டாரு. சந்தையில அந்தப் பொட்டைப் பாத்தா ஆளுங்க காறித் துப்பினாங்கன்னு அம்மா சொல்லும். அப்புறம் அவரு மிளகுப் பக்கமே போகல. முத்திரைக் கட்டையை அடுப்புல போடப் போனாரு. சித்தப்பாதான் கேட்டு வாங்கினாரு."

"கெட்ட பேர் எடுத்த முத்திரையையா?" என்றார் பானுமதி. "யாராவது கேட்டு வாங்குவாங்களா?"

"அம்மாவும் அதைத்தான் கேட்டுச்சாம். 'அண்ணன் பேர் அதுல இருக்குது, நான் கழுவித் தரேன்'னாராம். அவரு மிளகை அதுல போட்டு வித்தாரு. மொதல்ல யாரும் வாங்கலையாம். அப்புறம் வாங்கினாங்க. இப்போ மலையில மூணு பொட்டுன்னா சுத்தமான மிளகுன்னு அர்த்தம். பழசெல்லாம் யாருக்கும் ஞாபகமே இல்ல. இந்த மெசேஜ் வர்ற வரைக்கும்."

கோகிலா அவனைப் பார்த்தாள். "அழிக்கச் சொன்னியே. எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிப் புள்ள சொல்றது? சொன்னா எங்கப்பன் மாட்டுவாரு, சொல்லாட்டி நீ மாட்டுவ. நானும் மிளகு விக்கறவன். சோறே எறங்கல."

"நான் உம்மேல கம்ப்ளைண்ட் எழுதி வெச்சிருக்கேன்."

"தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கற மாதிரிதானே எழுதின."

பானுமதி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கோகிலாவின் கையிலிருந்த லோகோ காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"இது என்ன, மான்?"

"லோகோங்க. முத்திரையை மாத்தலாம்னு..."

"மானை நீயே வெச்சுக்க கண்ணு. மூணு பொட்டு போட்டுக் குடுத்தா எடுத்துக்கறேன். மானு போட்டா வேண்டாம்." அவர் லாரிப் பக்கம் திரும்பினார். "தம்பி, வேலிகிட்ட நின்னது போதும். வந்து மூட்டையைப் புடி."

மலை இறங்கும்போது முருகானந்தம் எலுமிச்சம்பழத்தைத் தொடவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, இல்லாத பேத்திக்குக் காதணி விழா எந்த மண்டபத்தில் வைப்பது என்று பேசிக்கொண்டே வந்தார். யமுனா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

கீழே காரவள்ளி பக்கம் வந்தபோது அவள் போன் ஒலித்தது. அவள் ஓட்டிக்கொண்டிருந்ததால் முருகானந்தம் எடுத்துப் படித்தார். கோகிலா.

"லாரி கெளம்பிருச்சுங்க அக்கா. கடைசி மூட்டைக்குப் பொட்டு வைக்கல, மறந்துட்டோம். பெரியப்பா வேலி வழியா வந்தாரு. ஒண்ணும் பேசல. முத்திரைக் கட்டையைக் கேட்டு வாங்கி, அந்த மூட்டைக்கு அவரே பொட்டு வெச்சுட்டுப் போனாருங்க."

முருகானந்தம் அதை ஸ்டாப் பெயர் சொல்லும் குரலில் படிக்கவில்லை. படித்துவிட்டு வெளியே மரவள்ளிக் காட்டைப் பார்த்தார். பிறகு, போனை மூக்குக்கு அருகில் கொண்டுவந்து, ஒற்றை விரலால், தேடும் கட்டத்தில் கஷ்டப்பட்டு 'பொட்டு' என்று அடித்தார்.

உடனே வந்தது.

"ஒரே டிக்கெட் அம்மணி," என்றார்.